எந்த இடத்தில் குறைத்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கார் எடைக் குறைப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எடை குறைந்தால் வளைவில் கார் சொன்னபடி கேட்கும் என்பது சரி. ஆனால் ஸ்டெப்னியையும் பின் சீட்டையும் கழற்றினால் வேலை முடிந்தது என்ற தொனியில் முடித்திருப்பதுதான் இடிக்கிறது.

எடை ஏன் ஹேண்ட்லிங்கை, அதாவது கார் திரும்பும் விதத்தை, கெடுக்கிறது என்பதையே கட்டுரை தொடவில்லை. எடை கூடினால் டயர் ரோட்டை இன்னும் அழுத்திப் பிடிக்காதா என்று கேட்கத் தோன்றும். பிடிக்கும், ஆனால் அதே விகிதத்தில் அல்ல. எடை இரு மடங்கானால் அதே வேகத்தில் வளைவைத் திரும்ப இரு மடங்கு விசை வேண்டும். டயர் தரும் பிடிப்போ இரண்டு மடங்கை எட்டுவதில்லை. அதே டயரில் இலகுவான கார் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் திரும்புவது இதனால்தான்.

கார் இலகுவாக இருக்க வேண்டும் என்பதை ஒரு பிடிவாதமாகவே வைத்திருந்தவர் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான லோட்டஸின் நிறுவனர் காலின் சாப்மன். அவர் மறைந்த பிறகு 1996இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ் காரைப் பாருங்கள். அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த அதன் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், 68 கிலோ. மொத்தக் காரே சுமார் 725 கிலோதான். எஞ்சின் முன்னால் இல்லை, காரும் இலகு. அதனால் முன்பக்கம் குறுகலான டயரே போதுமாயிற்று, பவர் ஸ்டீயரிங்கும் தேவைப்படவில்லை. அந்த எடையும் மிச்சம். அதற்கு மேல், டயருக்கு அடியில் நடப்பதெல்லாம் நேராக ஓட்டுபவரின் கைக்கு வந்து சேர்ந்தது. வெறும் 118 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஹேண்ட்லிங்கில் அந்தக் கார் வாங்கிய நல்ல பெயர் இப்படி வந்ததுதான்.

எவ்வளவு குறைத்தோம் என்பதோடு எந்த இடத்தில் குறைத்தோம் என்பதும் முக்கியம். 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் பானெட்டை அலுமினியத்தில் செய்து, பேட்டரியைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்தார்கள். பேட்டரி இடம் மாறியதால் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. மூக்கின் பாரம் குறைந்தது. பிஎம்டபிள்யூவின் எம்3 சிஎஸ்எல் காரில் கூரையைக் கார்பன் ஃபைபராக மாற்றினார்கள். அதில் மிச்சமானது சில கிலோதான், ஆனால் அது காரின் உச்சியிலிருந்து போன எடை. வளைவில் சாய்வைக் குறைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

இப்போது நம் ஊர் ஹேட்ச்பேக்குக்கு வருவோம். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால். ஆள் ஏறாதபோதே எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன் சக்கரங்கள் மேல்தான் இருக்கிறது. ஸ்டெப்னியையும் பின் சீட்டையும் கழற்றினால் முன் டயர்களின் சுமை அப்படியே இருக்க, ஏற்கெனவே இலகுவான பின்பக்கம் இன்னும் இலகுவாகிறது. மழையில் சட்டென்று பிரேக் அடித்தால், அதுவும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லாத பழைய காராக இருந்தால், வால் அலையும். பின் ஸ்பிரிங்கோ ஆட்களையும் மூட்டையையும் தாங்கச் செய்தது. சுமை போனதும் குண்டும் குழியுமான ரோட்டில் துள்ளும். தரையைத் தொடாத டயருக்கு ஏது பிடிப்பு? பின் சீட்டை எடுத்தால் ஆர்சி புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையோடும் கார் பொருந்தாது. (ராத்திரி தொப்பூர் கணவாயில் பஞ்சரானால் ஸ்டெப்னியின் அருமை தெரியும், அது வேறு கதை.)

அலாய் வீல் சமாச்சாரமும் அப்படியே. அலாய் என்றாலே இலகு என்று நினைத்துப் பலர் இரண்டு இஞ்ச் பெரிதாக மாட்டுகிறார்கள். பெரிய ரிம்மும் அகல டயரும் சேர்ந்து கம்பெனி கொடுத்த ஸ்டீல் வீலைவிடக் கனமாகிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் எடை இது. சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது ஷாக் அப்சார்பர் அதைக் கட்டுப்படுத்தத் திணறும். வாங்குவதற்கு முன் பழையதையும் புதியதையும் டயரோடு தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

உங்கள் டெஸ்ட் ரிப்போர்ட்டுகளில் மொத்த எடையை மட்டும் போடுகிறீர்கள். இனி முன் சக்கரங்கள் மேல் எவ்வளவு, பின் சக்கரங்கள் மேல் எவ்வளவு என்று பிரித்துப் போட முடியுமா? கார் எப்படித் திரும்பும் என்பதைப் பாதிக்கு மேல் அந்த இரண்டு எண்களிலேயே ஊகித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு