பீரோல கிடக்கற பழைய பிலிம் கேமரா பத்தி நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

ரோல் கழுவ வர்றவங்க, சர்வீஸுக்கு கேமரா குடுக்கறவங்க, சும்மா வந்து லென்ஸ் பார்த்துட்டு போற காலேஜ் பசங்க எல்லாருக்கும் சேர்த்து தான் இத எழுதறோம். வேலூர் மட்டும் இல்ல, காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர்னு எல்லா பக்கத்துல இருந்தும் இப்ப வீட்டு பீரோல கிடந்த அப்பா கேமரா, தாத்தா கேமராவ எடுத்துக்கினு வர்றாங்க. பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3, விவிடார் வி3800என், நிக்கான் எஃப்எம்10, ரஷ்யா ஜெனித், இதுங்க தான் அதிகம். "அண்ணா ஓடல, என்னன்னு பாருங்க"ன்னு குடுக்கறாங்க, வாங்கி பார்த்தா பாதி கேமராக்கு மேல ஒரு கோளாறும் இல்ல, ஓட்டற விதம் யாரும் சொல்லித்தரல, அவ்வளவு தான். இல்லாத ரிப்பேருக்கு காசு வாங்க எங்களுக்கு மனசு வரல, அதனால தெரிஞ்சத எழுதி வெச்சிடறோம், கேமராவ கைல வெச்சிக்கினு படிங்க.

மொதல்ல பேட்டரி. மேல சொன்ன கே1000, எஃப்எக்ஸ்-3, வி3800என், எஃப்எம்10 எல்லாத்துலயும் ஷட்டர் (பிலிமுக்கு முன்னாடி திறந்து மூடற திரை) முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் தான், உள்ள போடற சின்ன பட்டன் பேட்டரி வெளிச்சம் அளக்கற மீட்டருக்கு மட்டும். பேட்டரி செத்து போனாலும் எல்லா ஸ்பீடும் வேலை செய்யும். ஜெனித் ஈ-ல பேட்டரியே கிடையாது, முன்னாடி நெத்தில இருக்கற செலினியம் பட்டை வெளிச்சம் பட்டா தானே முள்ளை ஆட்டும். ஆனா கேனன் ஏஈ-1, மினோல்டா எக்ஸ்-700 வெச்சிருக்கவங்களுக்கு கதை வேற, அதுல ஷட்டரே எலக்ட்ரானிக், பேட்டரி இல்லன்னா பட்டன் அழுத்தினாலும் ஒண்ணும் நடக்காது, அதனால மொதல்ல புது பேட்டரி போட்டு பாருங்க, அப்புறம் கடைக்கு வரலாம். கே1000க்கு எல்ஆர்44 ஒண்ணு போதும். அதுல மீட்டருக்கு ஆன் ஆஃப் சுவிட்சே கிடையாது, லென்ஸ் மூடி தான் சுவிட்ச், மூடி போடாம மேசை மேல வெச்சீங்கன்னா பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடும். நிக்கான் எஃப்எம்2 வெச்சிருக்கவங்க இன்னொன்னும் தெரிஞ்சிக்கங்க, வைண்டிங் லீவர் (பிலிம அடுத்த படத்துக்கு நகத்தற கைப்பிடி) உடம்போட ஒட்டி இருந்தா ஷட்டர் பட்டன் லாக் ஆயிருக்கும், லீவர கொஞ்சம் வெளிய இழுத்து விடுங்க, மீட்டரும் அப்ப தான் எரியும்.

அடுத்து ரோல் மாட்டறது. எங்ககிட்ட வர்ற அழுகைல பாதி இங்க இருந்து தான் வருது. 36 படமும் எடுத்துட்டோம்னு நெனச்சிக்கினு வர்றாங்க, கழுவினா ரோல் சுத்தமா வெறுமையா இருக்கு. பிலிம் நாக்க வலது பக்க ஸ்பூல் பிளவுல நுழைச்சு, ஒரு வாட்டி லீவர் இழுத்து, ரெண்டு பக்க ஓட்டையும் பல்லுல சரியா உக்காந்துச்சான்னு பார்த்துட்டு தான் பின் கதவ மூடணும். மூடின அப்புறம் இடது பக்க ரீவைண்ட் கைப்பிடிய அம்பு காட்டற பக்கம் மெதுவா சுத்துங்க, தொளதொளன்னு இருக்கறது இறுகி நின்னுடும். இப்ப லீவர் இழுக்கும்போது அந்த ரீவைண்ட் குமிழ் எதிர் பக்கமா சுத்துதான்னு பாருங்க. சுத்துச்சுன்னா பிலிம் ஓடுது. சுத்தலன்னா நீங்க எத்தன படம் எடுத்தாலும் காத்துல தான் எடுக்கறீங்க, படம் எண்ணற நம்பர் மட்டும் ஏறிக்கினே போகும், அத நம்பாதீங்க.

ரோல் வெறுமையா வந்தா கழுவினவங்க மேல தப்பா, கேமரா மேல தப்பான்னு நீங்களே கண்டுபிடிக்கலாம். நெகடிவ் ஓரத்துல கம்பெனி பேரும் படத்தோட நம்பரும் அச்சா தெரிஞ்சா கெமிக்கல் சரியா வேலை செஞ்சிருக்கு, பிலிம்ல வெளிச்சம் தான் விழல. ஓரத்துல கூட எழுத்து இல்லன்னா அது கழுவின இடத்து பிரச்சனை, எங்ககிட்ட கழுவினதா இருந்தா எங்களையே கேளுங்க, கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

இப்ப வெளிச்சம். மூணு விஷயம் தான் இருக்கு: ரோலோட ஏஎஸ்ஏ (வெளிச்சத்த எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும்னு சொல்ற நம்பர், இப்ப ஐஎஸ்ஓன்னு போடறாங்க), ஷட்டர் ஸ்பீடு (எவ்வளவு நேரம் திறந்திருக்கு, 60ன்னா 1/60 நொடி), அபர்ச்சர் (லென்ஸ் உள்ள இருக்கற திறப்பு, எஃப் நம்பர்ல சொல்வோம்). ரோல் டப்பால 200னு போட்டிருந்தா ஸ்பீடு டயல் விளிம்ப தூக்கி சுத்தி 200ல நிறுத்துங்க, அப்ப தான் மீட்டர் சரியா சொல்லும். ஷட்டர் ஸ்பீடு 60, 125, 250, 500னு ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும், அபர்ச்சர் 4, 5.6, 8, 11, 16னு போகும்போதும் அதே மாதிரி பாதிபாதியா குறையும். அதனால ஒண்ணுல ஒரு படி ஏத்தினா இன்னொன்னுல ஒரு படி எறக்கினா போதும், படத்துக்கு விழற வெளிச்சம் மாறாது. மாறறது வேற, பின்னாடி இருக்கறது மங்கலா போகுதா, ஓடற பையன் ஷேக் ஆகறானா, அதெல்லாம்.

நம்ம ஊர் வெயிலுக்கு மீட்டரே தேவையில்லன்னு கூட சொல்லலாம். மேகம் இல்லாத நேரம் கோட்டை மதில் மேல வெயில் நேரா அடிக்கும்போது அபர்ச்சர எஃப் 16ல வெச்சு, ஷட்டர் ஸ்பீட ஏஎஸ்ஏ நம்பருக்கு கிட்ட இருக்கற நம்பர்ல வெச்சா படம் கரெக்டா வரும், 200 ரோல்னா 1/250. பழைய போட்டோகிராபருங்க எல்லாம் கல்யாண ஊர்வலத்த இந்த கணக்குல தான் எடுத்தாங்க. நிழலுக்கு போனா ரெண்டு மூணு படி திறக்கணும்.

இதுல கடைக்கு வர்ற பசங்களுக்கு ஒரு வார்த்தை, எல்லாரும் 400 ரோல் கேக்கறீங்க. பகல்ல பின்னாடி மங்கலா, முகம் மட்டும் பளிச்சுன்னு எடுக்க ஆசை உங்களுக்கு. ஆனா 400 ரோல மாட்டிக்கினு உச்சி வெயில்ல நின்னா 1/1000 வெச்சாலும் எஃப் 11க்கு மேல திறக்க முடியாது, எஃப் 2 லென்ஸ் வாங்கின காசு வீணா நிக்குது. 100 ரோல்னா 1/1000ல எஃப் 5.6 வரைக்கும் வரலாம். அதனால சித்திரை வைகாசில 100, இல்ல 200 வாங்குங்க, 400அ ஐப்பசி கார்த்திகை மழைக்கும் வீட்டுக்குள்ள எடுக்கறதுக்கும் வெச்சிக்கங்க. 400க்கு விலையும் கூட, எங்களுக்கு லாபமும் கூட, இருந்தாலும் இத தான் சொல்வோம்.

மீட்டர நம்பறவங்களுக்கு ஒண்ணு. மீட்டருக்கு முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாது, எல்லாத்தையும் நடுத்தர சாம்பல் நிறமா நெனச்சிக்கினு தான் அளக்கும். வெள்ளை வேட்டி வெள்ளை சட்டைல தாத்தா நிக்கறாருன்னு பிரேம் முழுக்க வெள்ளையா இருந்தா மீட்டர் சொல்றபடி எடுத்தா அவர் மங்கி போய் நிப்பாரு, ஒரு படி சேர்த்து திறங்க. கருங்கல் சிலைய பிரேம் நெறைய எடுத்தா தலைகீழ், ஒரு படி குறைங்க. சந்தேகமா இருந்தா அதே வெயில்ல உங்க உள்ளங்கைய காட்டி அளந்து, அதுல இருந்து ஒரு படி திறந்து எடுங்க, இது பெரும்பாலும் கை விடாது. கலர் நெகடிவ்ல வெளிச்சம் கொஞ்சம் கூட போனா தாங்கும், குறைஞ்சா தாங்காது, நிழல்ல எல்லாம் சேறு மாதிரி ஆயிடும்.

போகஸ் தான் இந்த கேமராவோட உயிர், அத கொஞ்சம் நிதானமா சொல்றோம். நீங்க வியூபைண்டர்ல பாக்கறது லென்ஸ் வழியா வர்ற அதே காட்சி, உள்ள இருக்கற கண்ணாடில பட்டு மேல ஏறி, அங்க பென்டாபிரிசம்ங்கற பல முக கண்ணாடி கட்டில திரும்பி, இடம் வலம் மாறாம கண்ணுக்கு வருது. பட்டன் அழுத்தினதும் கண்ணாடி மேல எழும்பும், ஒரு நொடி இருட்டாகும், பயப்படாதீங்க, உடனே கீழ வந்துடும். இப்படி தானா கீழ வர்ற கண்ணாடி ஜப்பான்ல 1954ல அசாஹிஃப்ளெக்ஸ்ல வந்தது, அதே கம்பெனி தான் பின்னாடி 1976ல கே1000அ விட்டுச்சு, 1997 வரைக்கும் பெருசா மாத்தாமலே செஞ்சுக்கினு இருந்தாங்க.

நடுவுல ஒரு வட்டம் குறுக்க ரெண்டா வெட்டின மாதிரி தெரியுதா, அது ஸ்பிளிட் இமேஜ். போகஸ் இல்லாதப்போ மேல் பாதியும் கீழ் பாதியும் நகந்து நிக்கும், லென்ஸ் வளையத்த சுத்த சுத்த ரெண்டும் ஒட்டிக்கும், ஒட்டினா போகஸ். ஆனா கோடு குறுக்க இருக்கறதால நிமிந்து நிக்கற விளிம்ப தான் அது நல்லா காட்டும். கோட்டை மதில்ல கல்லுக்கு கல்லு படுக்கையா ஓடற இணைப்ப வெச்சு போகஸ் பண்ண பார்த்தா ஒண்ணும் புரியாது, நிமிந்த இணைப்பு ஒண்ண தேடுங்க, இல்லன்னா கேமராவ சாய்ச்சு போகஸ் பண்ணிட்டு அப்புறம் நேராக்கி எடுங்க. ஆளுங்கள எடுக்கும்போது கண்ணு, மூக்கு கண்ணாடி பிரேம், மூக்குத்தி, இதுல வைங்க. பழைய கே1000ல இந்த வெட்டு இருக்காது, நடுவுல பொடிப்பொடியா மின்னற வட்டம் மட்டும் இருக்கும், மின்னறது நின்னு தெளிவாச்சுன்னா போகஸ். எஃப் 5.6 மாதிரி இருட்டு ஜூம் லென்ஸ் போட்டா ஸ்பிளிட்ல ஒரு பாதி கருப்பா போயிடும், கேமரா கெட்டு போச்சுன்னு நெனைக்காதீங்க, அப்ப சுத்தி இருக்கற கண்ணாடி பரப்புலயே பாருங்க.

ஒண்ணு மறக்க வேணாம், வியூபைண்டர்ல நீங்க பாக்கும்போது லென்ஸ் முழுசா திறந்து தான் இருக்கும், பட்டன் அழுத்தற நேரத்துல தான் நீங்க வெச்ச எஃப் 11க்கு மூடும். அதனால மங்கலா தெரிஞ்சதெல்லாம் படத்துல தெளிவா வந்து நிக்கும். ஜெனித் ஈ கூட வர்ற ஹீலியோஸ் 44-2 லென்ஸ்ல மட்டும் தானா மூடாது, திறந்து போகஸ் பண்ணிட்டு வளையத்த நீங்களே மூடிட்டு எடுக்கணும். மூடாம எடுத்து எல்லா படமும் வெளுத்து போச்சுன்னு வர்றவங்க நிறைய.

ஃபிளாஷ் போட்டா ஷட்டர் 60ல இருக்கணும், டயல்ல எக்ஸ்னு குறி இருக்கற இடம் (எஃப்எம்10, எஃப்எக்ஸ்-3, வி3800என்ல 125, ஜெனித்ல 30). 250ல வெச்சு எடுத்தா படத்துல ஒரு பக்கம் கருப்பா போகும், ஏன்னா அந்த ஸ்பீடுல ஷட்டரோட ரெண்டு திரையும் நடுவுல ஒரு சந்து மட்டும் விட்டு ஓடுது, ஃபிளாஷ் அடிக்கும்போது பிலிம் முழுசும் திறந்து இல்ல.

ரோல் முடிஞ்சா லீவர் பாதில நின்னுடும். அங்க பலம் காட்டாதீங்க, இழுத்தா பிலிம் ஓட்ட கிழியும், இல்ல உள்ள பல்லு போகும். அடில இருக்கற சின்ன பட்டன அழுத்தி ரீவைண்ட் பண்ணி, கை லேசாகற வரைக்கும் சுத்தி, அப்புறம் தான் கதவ திறக்கணும். தெரியாம திறந்துட்டா உடனே மூடிடுங்க, மேல இருக்கற சில படம் தான் லைட் அடிச்சிருக்கும், உள் சுத்துல இருக்கறது தப்பிக்கும், ரோல தூக்கி போடாம கொண்டு வாங்க.

பராமரிப்பு பத்தி கொஞ்சம். கதவு ஓரத்துல இருக்கற கருப்பு ஸ்பான்ஜ் இந்த வயசுக்கு பிசுபிசுன்னு கரைஞ்சிருக்கும், அதனால தான் படத்துல செம்மஞ்சள் கோடு விழுது, மாத்தறது சின்ன வேலை. கண்ணாடியயும் ஷட்டர் திரையயும் துணி போட்டு துடைக்காதீங்க, கண்ணாடிக்கு பூச்சு முன் பக்கமே இருக்கு, கீறினா போச்சு, காத்து ஊதற பலூன் போதும். தோல் உறைல பூட்டி வெச்சா மழைக்காலத்துல லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும், வெளிய எடுத்து சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வைங்க. வெயில் காலத்துல ஸ்கூட்டர் டிக்கில ரோல வெச்சிட்டு காட்பாடி ஸ்டேஷன்ல நாள் பூரா நிறுத்தாதீங்க, கலர் மாறி போகும். பிரிட்ஜ்ல வெச்ச ரோல டப்பா திறக்காம ஒண்ணு ரெண்டு மணி நேரம் வெளிய வெச்சிட்டு அப்புறம் மாட்டுங்க, இல்லன்னா தண்ணி கோக்கும்.

கருப்பு வெள்ளை ரோல் ஏன் ஏப்ரல் மே மாசத்துல லேட் ஆகுதுன்னு கேக்கறீங்க. கலர் ரோல் கெமிக்கலுக்கு 38 டிகிரி வேணும், நம்ம ஊர்ல அது பிரச்சனையே இல்ல. கருப்பு வெள்ளைக்கு 20 டிகிரி தான் அளவு. மொட்டை மாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணி அந்த மாசத்துல கைய வைக்க முடியாத சூடு, ஐஸ் கட்டி வாங்கி கெமிக்கல், கழுவற தண்ணி எல்லாத்தையும் எறக்கி வெச்சு, விடியற நேரத்துல தான் செய்யறோம். சூட்டோட செஞ்சா படத்துல குருணை (பொடிப்பொடியா தெரியறது) ஏறும், நெகடிவ் அடர்த்தியா போகும், உங்க தாத்தா முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வரும். அதனால ஜூன் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

ரோல் குடுக்கும்போது கவர் மேல எந்த ஏஎஸ்ஏ வெச்சு எடுத்தீங்கன்னு எழுதிடுங்க, 400 ரோல 800ல வெச்சு எடுத்திருந்தா கண்டிப்பா சொல்லுங்க, கழுவற நேரத்த கூட்டணும். சர்வீஸுக்கு கேமரா குடுக்கறவங்க அதே கேமரால எடுத்த நெகடிவ் ஒண்ணு இருந்தா கூட எடுத்துக்கினு வாங்க, கேமராவ பிரிக்கறதுக்கு முன்னாடி அத பார்த்தாலே எங்க கோளாறுன்னு நாங்க சொல்லிடுவோம்.

இப்படிக்கு,
உங்க கேமரா கடை, வேலூர்