செயலாளரின் ஆண்டறிக்கை: கல்லடி, வருடாந்தப் பொதுக்கூட்டம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

கழகச் செயற்குழு ஏழு தடவை கூடியது. சித்திரைச் சுற்றுப்போட்டியில் அரையிறுதியோடு வெளியேறினோம். சிரமதானம் இரண்டு நடந்தது.

ஏப்ரல் 9இல் நான் பொறுப்பெடுத்து நடத்திய பில் எட்ரிச் நிகழ்வு வீண்செலவு என்று வெளியே பேசப்படுவதால், அதை விளக்கமாகவே சொல்கிறேன்.

எட்ரிச் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் கிரிக்கெட் அணியின் தொழில்முறை ஆட்டக்காரர். 1938இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆறு இன்னிங்ஸில் 67 ஓட்டங்கள்தான். ஆனாலும் தெரிவாளர்கள் கைவிடவில்லை. அடுத்த மார்ச்சில் தென்னாபிரிக்காவின் டர்பனில் 219 அடித்தார். அதே ஆண்டு யுத்தம் வந்தது. பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்து பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம் ஓட்டினார். 1941 ஆகஸ்ட் 12இல் பட்டப்பகலில் தாழப் பறந்து கொலோன் மின்நிலையங்களைத் தாக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். உயிரோடு திரும்பி, 1947 பருவத்தில் 3539 ஓட்டங்கள் குவித்தார்.

நமக்கும் அவருக்கும் என்ன என்கிறார்கள். 1942 ஏப்ரல் 9இல்தான் நம் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அன்று கொழும்பிலிருந்து போய் ஜப்பானியக் கப்பற்படையைத் தாக்கிய ஒன்பது பிரித்தானிய விமானங்களும் பிளென்ஹைம்கள்தான். திரும்பியவை நான்கு.

"விமானச் சத்தத்துக்குப் பதுங்கு குழிக்கு ஓடின ஊரில், குண்டு போட்டவனுக்கு விழாவா?" என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதையே பொடியன்கள் முன்னால் வைத்தேன். அரை மணி நேரம் வாதாடினார்கள். பிறகு, நாள் வரம்பில்லாத அந்த டர்பன் ஆட்டத்தின் கதையைச் சொன்னேன். இங்கிலாந்துக்கு இலக்கு 696. பத்தாம் நாள் மழையில் 654/5இல் ஆட்டம் நின்றது. இங்கிலாந்து அணி கப்பல் பிடிக்க வேண்டியிருந்தது. கரும்பலகையில் அந்த எண்ணைத் தொட்டு, விரலில் சோக்குத் தூளோடு ஒருவன் கேட்டான்: "அண்ணா, 42 ஓட்டந்தானே, கப்பலை நிப்பாட்டி வைக்க ஏலாதா?"

பதினொரு பொடியன்கள் வந்தார்கள். அங்கத்தவர்கள் நால்வர். மற்றவர்கள் எங்கே போனீர்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சந்தாவும் அப்படித்தான்: பாதிப்பேர் கட்டவில்லை, சிலர் இரண்டு வருடமாக. படங்களுக்கும் தேநீருக்கும் பெரும்பகுதி என் கைக்காசு. அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரி. விபரம் பொருளாளரிடம் உண்டு. கதிரை தந்த கோயில் நிர்வாகத்துக்கும், மைதானம் துப்புரவாக்கியவர்களுக்கும் நன்றி.

அடுத்த வருடம் இந்தப் பொறுப்பில் யார் இருப்பார் என்று தெரியாது. எட்ரிச் படப்பலகை களஞ்சிய அறையில், ஒழுகும் மூலையிலிருந்து தள்ளி, உரப்பையால் மூடியிருக்கிறது. மாரி தொடங்குமுன் கூரைக்கு நான்கு தகரம் வேண்டும்.