முதலில் வயிற்றைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆட்டிசம் பற்றிப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புப் பள்ளி என்றுதான் இருக்கிறது. எல்லாம் தேவைதான். ஆனால் இந்தப் பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளில் காலையில் நடக்கும் பேச்சே வேறு. மோஷன் போனானா, எத்தனை நாளாச்சு, கெட்டியாகப் போனானா தண்ணியாகப் போனானா, இதுதான். தெரபி சென்டர் வாசலில் அம்மாக்கள் நாலு பேர் உட்கார்ந்தாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

என் பையனுக்கு ஒன்பது வயது, பேச்சு வரவில்லை. போன வருஷம் திடீரென்று கையைக் கடிக்க ஆரம்பித்தான், ராத்திரித் தூக்கம் போயிற்று. கட்டில் விளிம்பில் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு குப்புறக் கிடப்பான், அப்புறம் எழுந்து கதவுக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டு நுனிக்காலில் விறைத்து நிற்பான். காட்டிய இடத்தில் ஆட்டிசம் என்றால் இப்படித்தான்மா இருக்கும் என்று சொல்லி, அமைதிப்படுத்தும் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வேறொரு குழந்தை மருத்துவர்தான் அவனைப் படுக்கவைத்து, இடது பக்க அடிவயிற்றை அழுத்திப் பார்த்து, என் கையையும் பிடித்து அங்கே வைத்துக் காட்டினார். இறுகிப்போன மலம், உருண்டை உருண்டையாகக் கல் மாதிரி இருந்தது. அதெல்லாம் வெளியேறி வயிறு ஒரு நிலைக்கு வரச் சில வாரங்கள் பிடித்தன. கையைக் கடிப்பது பெருமளவு நின்றது, தூங்கவும் செய்தான். ஆட்டிசம் அப்படியேதான் இருக்கிறது, அது போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. வலி போனது, அவ்வளவுதான்.

இது ஏதோ என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பேச வராத பிள்ளைக்கு வயிற்று வலி வந்தால் அது கோபமாக, அழுகையாக, தன்னையே அடித்துக்கொள்வதாக, தூக்கம் கெடுவதாக வெளிப்படலாம், எனவே மற்ற குழந்தைகளுக்குச் செய்யும் பரிசோதனைகள் அத்தனையும் இவர்களுக்கும் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு 2010லேயே எழுதியிருக்கிறது. 2014ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வயிற்று உபாதைகள் மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருப்பதாகத் தெரிந்தது. மலச்சிக்கல் மட்டும் எடுத்தால் மூன்று மடங்குக்கு மேல். இவ்வளவு தெரிந்த பிறகும் நம் ஊரில் எது நடந்தாலும் ஆட்டிசத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். குடலின் கடைசியில் மலம் இறுகி அடைத்துக்கொண்டால், மேலே இருக்கும் இளகிய மலம் அதன் பக்கவாட்டில் கசிந்து ஜட்டியில் படும். பார்க்கிறவர்கள் வயிற்றுப்போக்கு என்று நினைத்து, அதை நிறுத்தும் மருந்தைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள், அடைப்பு இன்னும் மோசமாகிறது. நாலு நாள் போகாமல் இருந்துவிட்டு அப்புறம் ஜட்டியில் கறை பட்டுக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் மலச்சிக்கல்தான், மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

இது ஏன் இவர்களுக்கு அதிகம் வருகிறது என்றால் காரணம் ஒன்றிரண்டு இல்லை. பிஸ்கட், அப்பளம், தயிர்சாதம் தவிர வேறு எதையும் வாயில் வைக்காத பிள்ளைகள் உண்டு, கீரையின் வழவழப்பு நாக்கில் பட்டாலே குமட்டும். பசியாற வெறும் பாலாகக் குடிப்பார்கள். வயிறு முட்டுவது சிலருக்கு நேரத்துக்கு உணர்வதே இல்லை. கொடுக்கிற சில மருந்துகளாலும் மலம் இறுகும். ஒரு தடவை வலித்துவிட்டால் போதும், அடுத்த தடவை பயந்து அடக்குவார்கள், அடக்க அடக்க இன்னும் இறுகும். அதனால்தான் ஆசனவாயில் வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தொட்டு வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது, நாலு பேர் பிடித்துக்கொண்டு விளக்கெண்ணெய் புகட்டுவது எல்லாம் வேண்டாம் என்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் லேசில் போகாது.

எங்களுக்கு உதவியதைச் சொல்கிறேன். மருத்துவர் எழுதித் தந்த, மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் சரியாகப் போனதும் நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும், மாதக்கணக்கில் கொடுத்து மெதுவாகத்தான் குறைக்க வேண்டும் என்றார், அது உண்மைதான். சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் குடல் தானாக அசையும் என்பதால் காலை டிபனுக்கு அப்புறம் ஐந்து பத்து நிமிஷம் உட்கார வைக்கிறோம், கால் தொங்காமல் இருக்க வெஸ்டர்ன் டாய்லெட் முன்னால் ஒரு மணை. போனாலும் போகாவிட்டாலும் திட்டுவது கிடையாது. காலண்டரில் தினமும் குறித்து வைப்பது பெரிய உதவி. புது உணவைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், கொய்யாவை அவன் தொடுவதற்கே பல நாள் ஆனது. மலத்தில் ரத்தம், எடை குறைவது, வயிறு உப்பி வாந்தி வருவது இதெல்லாம் இருந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியங்கள். கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசமே சரியாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பரிசோதனையில் ஒவ்வாமை தெரிந்தால் நிறுத்துவது வேறு விஷயம், ஆனால் நாலே நாலு பண்டம் சாப்பிடும் பிள்ளையிடமிருந்து இரண்டைப் பிடுங்கினால் அவன் எதைத் தின்பான்? குடலைச் சுத்தம் செய்வதாகச் சொல்லிக் குளோரின் டை ஆக்சைடு கரைசலை விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பிளீச்சிங் திரவம், குடிக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019ல் எச்சரித்திருக்கிறது. பிள்ளையின் வாயிலும் ஆசனவாயிலும் அதை ஊற்றச் சொல்வது பச்சைக் கொடுமை.

உங்கள் நாளிதழ் வழியாக அரசிடம் கேட்க இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து பயிற்சி தர அரசு மருத்துவமனைகளில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையங்களில், பிள்ளை ஒவ்வொரு முறை வரும்போதும் மோஷன், சாப்பாடு, தூக்கம் மூன்றையும் கேட்டுக் குறித்து, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள், இதற்குப் புது இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அடுத்தது பள்ளிக் கழிப்பறை. நாற்றமும் தாழ்ப்பாள் இல்லாத கதவும் நம் எல்லோருக்கும் கஷ்டம்தான், ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளை அதனாலேயே காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டு வருகிறான். தண்ணீர் வரும் ஒரே ஒரு சுத்தமான கழிப்பறையை இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, அவசரம் என்றால் காட்ட ஒரு படத்தை அவன் மேஜையில் ஒட்டி, காட்டியதும் கேள்வி கேட்காமல் அனுப்பச் சொல்லி ஆசிரியர்களுக்கு உத்தரவு போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அம்மா,
திருச்சி