புது காரை முதல் நாளே விரட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எலுமிச்சம்பழத்தின் மேல் அங்குலம் அங்குலமாகக் காரை உருட்டுகிறவர்கள், திருச்செந்தூரில் பூஜை முடிந்த கையோடு கன்னியாகுமரி நாலுவழிச் சாலையில் ஏறி நூறைத் தாண்டுகிறார்கள். பாளையங்கோட்டையில் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள். எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு உரசிப் படிய வேண்டிய நேரம் அது. சரியாகப் படியாவிட்டால் பின்னால் வண்டி ஆயில் குடிக்கும்.

அதற்காக உருட்டிக்கொண்டே போவதும் சரியல்ல. டாப் கியரில் முப்பதில் முக்கவிட்டால் எஞ்சினுக்கு அது இன்னொரு கஷ்டம். ஒரே வேகமும் கூடாது. அம்பாசமுத்திரம் சாலை இதற்குத் தோது. ஊரும் வயலும் மாறி மாறி வருவதால் வேகம் தானாக ஏறி இறங்கும். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) வரை போகலாம் என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். யார் பிரிக்கிறார்கள்!

பிரேக் பேடும் டயரும்கூடப் படிய முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். மழையில் இடைவெளி விட்டே ஓட்டுங்கள். மாஞ்சோலை மலைப்பாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாவியோடு இனிப்புப் பெட்டியும் கொடுக்கிற விற்பனையாளர்கள், இதைச் சொல்லவும் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

– ஒரு மெக்கானிக், பாளையங்கோட்டை