சாய்ந்து நிற்கும் படங்கள்

கானாடுகாத்தான்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். முழங்கால் அறுவைக்குப் பின் நீ கைத்தடியின்றி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று உன் மகள் தொலைபேசியில் சொன்னது பெரிய நிம்மதி. பெரிய வீட்டுப் படங்களைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டதில் உன் பங்குக்கு வந்த நான்கும் சென்னையில் கட்டிலுக்கு அடியில் கிடப்பதாகவும், அவற்றை எப்படி மாட்டுவதென்று வீட்டில் ஆளுக்கொரு கருத்துச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். ஊரில் இருந்ததைப் போலவே கதவு நிலைக்கு மேலே, உயரத்தில், முன்புறம் சாய்த்து மாட்ட வேண்டும் என்கிறான் உன் மகன். சோபாவுக்கு மேலே நேராக இருக்கட்டும் என்கிறாள் மருமகள். நான் மருமகள் பக்கம்.

பேத்தியின் திருமணத்துக்காக எங்கள் வீட்டு வளவுக்கு, அதாவது நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமாக உள்ள பகுதிக்கு, வெள்ளையடிக்கிறோம். எல்லாப் படங்களையும் இறக்கிப் பட்டாலைக் கூடத்தில் அடுக்கியிருப்பதால், அவை அத்தனை காலமும் ஏன் அப்படித் தொங்கின என்று யோசிக்க எனக்கும் வாய்ப்புக் கிடைத்தது. முகப்பிலும் வளவிலும் நம்மவர்கள் நின்றுகொண்டா பேசினார்கள்? பாய் விரித்துத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்தவர்களின் கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கும்; அங்கிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு, எட்டடிக்கு மேல் தொங்கும் படம் சற்றுக் குனிந்து கொடுத்தால்தான் முகம் தெரியும். அதைவிட முக்கியமான காரணம் கண்ணாடி. வளவின் நடுவே வானம் திறந்து கிடப்பதால், செங்குத்தாக மாட்டிய படத்தைக் கீழிருந்து பார்த்தால் எதிர்ப்புறத்து வானமே கண்ணாடியில் பளபளக்கும். படத்தை முன்னே சாய்த்துவிட்டால், நிழலான தாழ்வாரமும் தரையும்தான் அதில் பிரதிபலிக்கும். கண்கூச்சமின்றி ஐயாவின் மீசை வரைக்கும் பார்க்கலாம். கண்ணாடியில் தூசியும் குறைவாகவே படியும். பின்புறத்து இடைவெளியில் குருவி கூடு கட்டுவது மட்டும்தான் தொல்லை; அதைத் தொல்லை என்று என் மனைவியிடம் சொல்லிவிட முடியாது.

உன் சென்னை வீட்டில் வளவும் இல்லை, தரையில் உட்காருவாரும் இல்லை. பின் எதற்கு அந்தச் சாய்வு? உயரமும் சாய்வும் பார்ப்பவரின் கண்ணுக்காக ஏற்பட்டவை. கண் இருக்கும் இடம் மாறினால் அவையும் மாற வேண்டும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 57 அங்குலத்தில் இருக்குமாறு மாட்டுவது காட்சிக்கூடங்களில் பரவலாக உள்ள வழக்கம். நின்று பார்ப்பவருக்கு அது சரி. நாற்காலியில் அமர்ந்தே பார்க்கும் அறையானால் இன்னும் நாலைந்து அங்குலம் இறக்கிக்கொள்ளலாம். சோபாவுக்கு மேலே என்றால், சாய்பவரின் தலை சட்டத்தில் இடிக்காத அளவுக்கு இடம் விட்டால் போதும்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் பனைவெல்லமும் சேர்த்து, முட்டை வெண்கரு கலந்த மேற்பூச்சைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய நம் ஊர்ச் சுவரில், சுத்தியலால் ஓர் ஆணியை அடித்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு பெயர்ந்துவிடும். பழைய மெருகை மீண்டும் கொண்டுவரக்கூடிய கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதும் எளிதன்று. எங்கள் வீட்டில் எல்லாக் கொக்கிகளும் நிலையின் தலைக்கட்டையிலோ சுவரோடு பதித்த மரச்சட்டத்திலோதான் இருக்கின்றன; பூச்சில் ஒன்றுகூட இல்லை. உன் வீட்டுக் கதை வேறு. அச்சில் வார்த்த காங்கிரீட் சுவரானால் ஆணி வளையும், இடித்துத் துளைக்கும் டிரில் வேண்டும். இலகுக் கற்களால் கட்டிய சுவரானால் துளை எளிது, பிடிப்புக் குறைவு; நீளமான பிளக் போட்டுத் திருகாணியை முடுக்க வேண்டும். எது என்று கட்டியவரிடம் கேட்காமல் ஆளைக் கூப்பிடாதே. சுவிட்ச் பலகைக்கு நேர் மேலேயும், குளியலறைக் குழாய் ஓடும் சுவரிலும் துளைக்கவே வேண்டாம்.

எடையைக் குறைவாக மதிப்பிட்டுவிடாதே. மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி, இரண்டடிக்கு மூன்றடி அளவில், தனியாகவே நான்கு கிலோவைத் தாண்டும். அதன்மேல் பர்மாத் தேக்குச் சட்டம். ஒரே கொக்கியில் தொங்கும் படம் கதவைச் சாத்தும் போதெல்லாம் கோணிக்கொள்ளும். இடைவெளி விட்டு இரண்டு கொக்கிகள் போட்டு ரசமட்டம் வைத்துப் பார். சட்டத்தின் பின்பக்கக் கீழ்முனைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்றோட்டம் இருக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது.

இனி உன் நான்கு படங்கள். ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்த அந்த லட்சுமி படத்தில்தான் எனக்குக் கவலை. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், பின்பு லோணாவ்ளாவுக்கு அருகிலுள்ள மாளவ்லிக்கு இடம் மாறி, ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷரின் கைக்குப் போனது. அங்கு கல்லச்சில் பல வண்ணம் ஏற்றிய படங்கள் நம் பக்கத்து வீடுகளுக்கும் வந்தன. அவற்றை அப்படியே மாட்டாமல், தேவியின் சேலைக்கும் நகைக்கும் உண்மையான துணியும் ஜரிகையும் வைத்துத் தைத்து அழகு பார்த்தார்கள் வீட்டுப் பெண்கள். அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் படத்தின் அடி ஓரத்தில் இருக்கும். சட்டம் போடுகிறவர் அழகுக்காக அந்த ஓரத்தை நறுக்கிவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள். சமிக்கி கண்ணாடியில் உரசாதபடி இரண்டுக்கும் நடுவே மெல்லிய மரப்பட்டி வைக்கச் சொல். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இப்படிப்பட்ட படங்களைச் சட்டத்துக்காகவே வாங்கிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். படம் என்ன ஆகிறதோ.

தஞ்சாவூர்க் கிருஷ்ணனை ஈரத்துணியால் துடைக்காதே; பலகையின் மேலுள்ள சுண்ணப் பூச்சும் தங்கரேக்கும் ஈரத்துக்கு ஆகா. உன் ஐயாவின் புகைப்படத்தையும் திருமணக் குழுப் படத்தையும் நல்ல ஸ்டூடியோவில் நகலெடுத்து, நகல்களை மாட்டிவிட்டு மூலங்களை இருட்டில் வைப்பதே என் ஆலோசனை. மேற்குச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வண்ணம் எதுவும் நிலைக்காது.

காலமானவர்களின் படத்தைச் சாமி படத்தோடு சேர்க்கலாகாது என்று ஆச்சி சொல்வதை மீற வேண்டாம். ஐயா கூடத்தில் இருக்கட்டும், லட்சுமி பூசை அறைக்குப் போகட்டும். ஆனால் குழுப் படத்துக்கு யாரும் சந்தன மாலை போட்டுவிடாமல் பார்த்துக்கொள். அதில் உன் சின்னத்தா இன்னும் தேவகோட்டையில் திடமாக இருக்கிறார்.

திருமண அழைப்பிதழ் தனியே வரும். சுவர் எதனால் ஆனது என்று கேட்டுப் பதில் எழுது. அதற்கேற்ற கொக்கிகளை இங்கேயே வாங்கி, நீ திருமணத்துக்கு வரும்போது உன்னிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்