ஆறு இறுதிப் பந்தயங்களை வைத்து எங்கள் பாலைவனத் தளத்தை அளந்துவிடாதீர்கள்

அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கும் பந்தய அட்டவணை வகுப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் அரிசோனாவில் சாண்ட்லர் பக்கம் வசிப்பவன். வேலைக்காக வந்த ஊர். கார் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் இல்லை. ஆனால் 2009-இல் ஒருமுறை பீனிக்ஸ் பந்தயத்தளத்துக்குப் போனதிலிருந்து, முடிந்தபோதெல்லாம் போய்க்கொண்டே இருக்கிறேன். இந்த மடலின் ஆங்கில வடிவத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம், இந்தப் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. அவர்களும் படிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். 2020 முதல் 2025 வரை ஆறு வருடம், சாம்பியன் யார் என்று முடிவாகும் கடைசிப் பந்தயத்தை எங்கள் தளத்தில் நடத்தினீர்கள். 2026-க்கு அதை மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட்டுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. இறுதிப் பந்தயம் ஊர் ஊராகப் போவது நல்லதுதான். என் பயம் வேறு. அந்த ஆறு பந்தயங்களால் இந்தத் தளத்துக்கு ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முந்த முடியாத இடம், சலிப்பான இறுதி என்று பேசுகிறார்கள். நாளைக்கு வேறு ஏதாவது ஒரு நகரத்துக்கு ஒரு தேதி தேவைப்பட்டால், பீனிக்ஸுக்கு வருடத்துக்கு இரண்டு பந்தயம் எதற்கு என்று நீங்கள் இங்கே முதலில் கை வைப்பீர்களோ என்று பயப்படுகிறேன்.

2025 நவம்பர் 2-ஆம் தேதி நானும் அங்கே இருந்தேன். டென்னி ஹாம்லின் அன்று 208 சுற்றுகள் முன்னணியில் ஓடினார். 60 வெற்றி கண்ட மனிதர்; ஆனால் அதுவரை ஒரு பட்டம்கூட இல்லை. இன்னும் மூன்றே சுற்று இருந்தபோது வில்லியம் பைரனின் டயர் போய், எல்லோரும் வேகம் குறைக்க வேண்டிய மஞ்சள் கொடி விழுந்தது. ஹாம்லின் நான்கு டயர் மாற்றினார், கைல் லார்சன் இரண்டு. அந்தச் சில வினாடிகளில் எல்லாம் தலைகீழானது. பந்தயத்தை வென்றவர் ரயன் பிளேனி; ஆனால் பட்டத்துக்குப் போட்டியிட்ட நால்வரில் முன்னால் முடித்தவர் என்பதால் பட்டம் லார்சனுக்கு. அன்று ஒரு சுற்றுகூட முன்னணியில் ஓடாதவர் சாம்பியன். எங்கள் பக்கம் பலர் கை தட்டவும் மறந்து உட்கார்ந்திருந்தார்கள். லார்சன் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வருடம் முழுக்க உழைத்ததை ஒரே மத்தியானத்தில் வைத்துத் தீர்ப்பது சரியா என்பதுதான் கேள்வி. அந்த முறையை நீங்களே இப்போது கைவிட்டுவிட்டீர்கள். நன்றி. ஆனால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதுபோல, முறையின் குறை இன்னும் தளத்தின் கணக்கில்தான் நிற்கிறது.

அந்த ஆறு இறுதிகளில் நான்கு, 2022 முதல், புதிய தலைமுறைக் காரோடு நடந்தவை. அகலமான டயர், சுமார் 670 குதிரைசக்தி. இந்த மாதிரி சமதளமான ஒரு மைல் தடத்தில், வளைவில் ஆக்சிலரேட்டரை எப்போது விடுவது, எப்போது மறுபடி மிதிப்பது என்பதில்தான் ஓட்டுநரின் கைவரிசை தெரியும். சக்தி குறைந்து, டயரின் பிடிப்பு கூடினால் எல்லோரும் ஒரே வேகத்தில் வளைவார்கள். அப்புறம் எங்கே முந்துவது? குட்டையான தடங்களுக்கு 2026 முதல் 750 குதிரைசக்தி என்று அறிவித்திருக்கிறீர்கள். காரில் இருந்த குறையை நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

நான் முதல்முறை போன இரவைச் சொல்ல வேண்டும். 2009 ஏப்ரல், சனிக்கிழமை. வேலையிடத்து நண்பர் ஒருவர் டிக்கெட் மிச்சமிருக்கிறது என்று கூட்டிப்போனார். தளத்தை ஒட்டியிருக்கும் கல்லும் கள்ளியுமான மேட்டில் கம்பளி விரித்து உட்கார்ந்தோம். ராட்டில்ஸ்நேக் ஹில் என்றும் அதைச் சொல்வார்கள். பாம்பு உண்டு என்று எச்சரித்ததால் முதல் அரை மணி நேரம் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஜெயித்தவர் ஐம்பது வயது மார்க் மார்ட்டின். மூன்றரை வருடமாக வெற்றியே இல்லாதவர். கொடி விழுந்ததும் அவர் காரைத் திருப்பி, எல்லோரும் இடமாகச் சுற்றும் தடத்தில் வலமாக ஒரு சுற்று வந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, 'இது ஆலனுக்காக' என்றார். அப்புறம் அரை மணி நேரம், கூட்டம் கலைந்த பிறகும், கதை சொன்னார். அந்தக் கதைதான் என்னை இந்தப் பந்தயத்துக்குள் இழுத்தது.

ஆலன் குல்விக்கி விஸ்கான்சின்காரர். இயந்திரப் பொறியியல் படித்தவர். தன் அணியைத் தானே நடத்தித் தானே ஓட்டியவர். பெரிய அணி கூப்பிட்டும் போகாதவர். 1988 நவம்பர் 6-ஆம் தேதி நாஸ்காரின் முதல்நிலைப் போட்டி முதன்முதலாக இந்தத் தளத்துக்கு வந்தது. 312 சுற்று, 312 மைல், கிலோமீட்டரில் 500. முன்னால் போன ரிக்கி ரட்டின் கார் கடைசிக் கட்டத்தில் பழுதாக, குல்விக்கி முன்னேறி, டெர்ரி லபாண்டியைப் பதினெட்டு வினாடிக்கும் மேலே பின்னுக்குத் தள்ளி வென்றார். அவருடைய முதல் வெற்றி. ஓட்டுநர் உட்காருவது இடதுபக்கம். வழக்கம்போலச் சுற்றினால் ஜன்னல் மைதானத்தின் உட்பக்கத்தைத்தான் பார்க்கும். கூட்டம் தன் முகத்தைப் பார்க்க வேண்டும், தானும் அவர்களைப் பார்க்க வேண்டும் என்று காரைத் திருப்பி எதிர்த்திசையில் ஓட்டினார். போலந்து வம்சாவளி என்பதால் அதற்குப் 'போலிஷ் வெற்றிச் சுற்று' என்று பெயர் நிலைத்துவிட்டது.

1992 நவம்பரில் இங்கே டேவி ஆலிசன் வென்றார். குல்விக்கி நான்காவது. அதோடு ஆலிசன் 30 புள்ளி முன்னணியோடு, அந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்துக்கு அட்லாண்டாவுக்குப் போனார். அங்கே அவர் விபத்தில் சிக்க, குல்விக்கி பில் எலியட்டை வெறும் 10 புள்ளியில் தாண்டிப் பட்டம் வாங்கினார். அடுத்த வருடம் ஏப்ரல் 1-ஆம் தேதி குல்விக்கி விமான விபத்தில் போய்விட்டார். ஜூலையில் டல்லடேகாவில் ஹெலிகாப்டர் விழுந்ததில் ஆலிசனும். இந்தத் தளத்தில் நடந்த முதல் ஐந்து போட்டிகளில் மூன்றை வென்றவர்கள் இந்த இருவர்தான். அந்தப் பெரியவர் இதைச் சொல்லி முடித்தபோது விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ட்டினுக்கும் இந்த இடத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. 1990-இல் அவர்தான் புள்ளிப் பட்டியலில் முதலாவதாக இங்கே வந்தார். டேல் எர்ன்ஹார்ட் பந்தயத்தை வென்று அவரைத் தாண்டினார். அந்த வருடப் பட்டம் 26 புள்ளியில் கைநழுவியது. மார்ட்டின் கடைசிவரை பட்டமே வாங்கவில்லை. பத்தொன்பது வருடம் கழித்து அதே தடத்தில், இறந்துபோன நண்பருக்காக அவர் வலமாகச் சுற்றியதைத்தான் நான் அன்று பார்த்தேன், யார் என்றே தெரியாமல்.

இன்னும் எத்தனையோ இருக்கிறது. 1984-க்குப் பிறகு வெற்றியே காணாத, ரிச்சர்ட் பெட்டி என்ற பழைய சாம்பியனின் 43-ஆம் எண் கார், 1996-இல் பாபி ஹாமில்டன் கையில் இங்கேதான் மறுபடி ஜெயித்தது. 2007-இல் ஜெஃப் கார்டன் தன் 76-ஆவது வெற்றியில் எர்ன்ஹார்டைச் சமன் செய்து, அவருடைய 3-ஆம் எண் கொடியைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார். கெவின் ஹார்விக் ஒன்பது முறை வென்றிருக்கிறார். அதில் 2016-இல் கார்ல் எட்வர்ட்ஸோடு இடித்துக்கொண்டே வந்து நூற்றில் ஒரு பங்கு வினாடியில் வென்றதை மேட்டிலிருந்து பார்த்த எங்களுக்கு, யார் ஜெயித்தது என்று ஒலிபெருக்கி சொன்ன பிறகுதான் தெரிந்தது. இதில் எதற்கும் இறுதிப் பந்தயம் என்ற பட்டயம் தேவைப்படவில்லை.

தளம் 1964-இல் எஸ்ட்ரெல்லா மலையடியில் கட்டப்பட்டது. முதல் இண்டி கார் பந்தயத்தை ஏ.ஜே. ஃபாய்ட் வென்றார். அந்தக் காலத்தில் இரண்டரை மைல் சாலைத் தடமும் கூட இருந்தது. ஒரு முனை இறுக்கமான, கொஞ்சம் செங்குத்தான வளைவு. மறுமுனை அகலமாக, தட்டையாக. நடுவில் முழங்கை மடக்கியதுபோல ஒரு திருப்பம். ஒரு வளைவுக்குச் சரியாக அமைத்த கார் மறு வளைவில் வழுக்கும். இந்தக் கோணல்தான் இதன் அழகு. மேட்டின் உச்சியில் பழைய நில அளவைக் குறி ஒன்று இருக்கிறது. அரிசோனாவின் நிலம் அளக்கப்பட்டதே பெரும்பாலும் அந்தப் புள்ளியிலிருந்துதான்.

2011-இல் தடத்தைப் புதிதாகப் போட்டு அந்த முழங்கையை வெளிப்பக்கம் நகர்த்தினீர்கள். 2018-இல் 17.8 கோடி டாலர் செலவில் பார்வையாளர் பகுதியை மாற்றி, தொடக்கக் கோட்டையே முழங்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தீர்கள். உட்காரும் வசதி, நிழல், கார்களைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கும் இடம் எல்லாம் அருமை; குழந்தைகளைக் கூட்டிப்போகும் எனக்கு அது தெரியும். ஆனால் குல்விக்கி காரைத் திருப்பிய பழைய முன்பக்க நேர்த்தடம் இப்போது பின்பக்கம் ஆகிவிட்டது. முதல்முறை வருகிறவர்களிடம் நான் கையை நீட்டி, 'அதோ, அங்கே' என்றுதான் காட்டுகிறேன்.

தேதிகள் எப்படிக் கைமாறும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2005-இல் எங்களுக்கு இரண்டாவது பந்தயம் கிடைத்த அதே நேரத்தில் ராக்கிங்காம் தளம் அட்டவணையிலிருந்தே போனது, டார்லிங்டன் தளம் தன் இரண்டு பந்தயங்களில் ஒன்றை இழந்தது. அந்த ஊர்க்காரர்களின் வலியில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். நார்த் வில்க்ஸ்பரோ தளத்தை 1996-இல் மூடிவிட்டு, 2023-இல் ஆல் ஸ்டார் போட்டிக்காகத் திறந்தபோது மக்கள் எப்படித் திரண்டார்கள் என்று பார்த்தீர்கள். ஓர் இடத்தை விட்டுவிட்டு அதற்காகப் பல வருடம் ஏங்கிய அனுபவம் உங்களுக்கே இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள். வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று இரண்டு பந்தயங்களையும் பீனிக்ஸில் வைத்திருங்கள். கூடுதல் சக்தியோடு வரும் கார்களுக்கு இந்தத் தடத்தில் குறைந்தது மூன்று நான்கு வருடம் அவகாசம் கொடுத்த பிறகு எடைபோடுங்கள். முழங்கையை மறுபடி நோண்டாதீர்கள். மேட்டை, என்ன கட்டினாலும், நாற்காலி போடாமல் விட்டுவிடுங்கள். கம்பளி விரித்து உட்காருகிறவர்களுக்கு, குறைந்த கட்டணத்தில்.

அந்தப் பெரியவரை 2016-க்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பெயர்கூடக் கேட்டுவைக்காமல் போனேன். இப்போது அந்த இடத்தில் நானும் என் மகளும் உட்காருகிறோம். அவளுக்குப் பதினொரு வயது. அடுத்த பந்தயத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரில் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டு வருகிறாள்.

அன்புடன்,
மேட்டில் உட்காரும் ஒரு ரசிகன்
சாண்ட்லர், அரிசோனா