108 ஆம்புலன்ஸ் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கு: கட்டுவிரியன் கடிக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 108 ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

சித்தேரி, அஞ்செட்டி மலைப்பகுதிகளுக்கு வண்டியில் போகவிருக்கும் புது இ.எம்.டி.களுக்கு (ஆம்புலன்ஸில் முதலுதவி தரும் அவசர மருத்துவப் பணியாளர்களுக்கு), கட்டுவிரியன் கடியை மட்டும் ஒரு முழு நாள் செய்முறையாகக் கற்றுக்கொடுங்கள்.

கண்ணாடிவிரியன் கடித்தால் வீக்கமே காட்டிக்கொடுக்கும். கட்டுவிரியன் இரவில், பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் பெரிதாக இராது, பல் தடமும் பல நேரம் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி என்றுதான் அழைப்பு வரும். தரையில் படுத்தாரா என்று கேட்டுவிட்டு, இமையைப் பார்க்க வேண்டும். மேலே பார்க்கச் சொல்லியும் இமை சரிந்தே இருந்தால் நச்சு ஏறுகிறது. ஒரே மூச்சில் எண்களைச் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி சொல்லும்போது எண்ணிக்கை குறைந்தால் மூச்சுத் தசை தளர்கிறது. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கையில் ஆக்சிமீட்டர் இதை மிகத் தாமதமாகத்தான் காட்டும்.

நச்சுமுறி மருந்து அவசியம். ஆனால் ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனையை அது சரிசெய்யாது. அது தேறும்வரை உயிர் காப்பது செயற்கை மூச்சு. அங்கேதான் கை தடுமாறுகிறது. வண்டி ஓடும்போது பின்னால் இ.எம்.டி. ஒருவர்தான். ஒரு கையால் மாஸ்க்கை அழுத்தி, மறு கையால் ஆம்பு பேக்கை (அமுக்கி மூச்சு தரும் பையை) பிழிந்தால் ஓரத்தில் காற்று கசியும். இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடித்து, மூன்று மூன்று விரல்களால் தாடையைத் தூக்குங்கள். பேக்கை உடன் வந்த உறவினரிடம் கொடுங்கள். "ஆறு எண்ணுங்க, ஒரு தடவை அமுக்குங்க, நெஞ்சு எழும்பினதும் விட்டுடுங்க" என்றால் போதும். பெரியவருக்கு 500 முதல் 600 மில்லி போதும்; பேக் முழுவதையும் பிழிந்தால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும், அது நுரையீரலில் இறங்கும். எச்சில் தேங்கினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். சிலிண்டர் தீர்ந்தாலும் பிழிவதை நிறுத்தக் கூடாது, வெளிக்காற்றே உயிரைத் தாங்கும்.

ஊரில் இறுக்கக் கட்டிய கயிற்றை வழியில் சட்டென்று அவிழ்க்கக் கூடாது. தேங்கிய நச்சு ஒரே நேரத்தில் ஏறிவிடும். மருத்துவமனையில் மருந்து தொடங்கிய பிறகு அவிழ்க்கட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லுங்கள். அசைவில்லை, கண்மணி விரிந்திருக்கிறது என்பதால் மட்டும் இறந்துவிட்டார் என்று எண்ணக் கூடாது. அவருக்கு முழு நினைவிருக்கலாம், பேசுவது கேட்கும்.

இதையெல்லாம் வகுப்பறை மேசையில் பழக முடியாது. பயிற்சிப் பொம்மையை ஸ்ட்ரெச்சரில் கட்டி, ஓடும் வண்டியில், மலைப்பாதை வளைவுகளில் ஒவ்வொருவரையும் தொடர்ந்து அரை மணி நேரம் பிழியச் செய்யுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பணியில் இருப்போர்